ஒரு மோல் என்றால், எதனுடைய மோல்?

மோல், ஐசோடோப்பு, அணு நிறை ஆகியவை பற்றி வந்த கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: "12.8 கிராம் ஆக்சிஜன் வாயுவில் உள்ள அணுக்கள் எத்தனை?" என்ற கணக்கில், 12.8ஐ 16ஆல் வகுத்து 0.8 மோல் என்று கண்டேன். அதை அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, 6.022 × 10²³) பெருக்கி, ஒரு மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருப்பதால் மீண்டும் 2ஆல் பெருக்கினேன். 9.64 × 10²³ என்று வந்தது. புத்தகத்தின் விடையோ 4.82 × 10²³. எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் வகுத்தலும் பெருக்கலும் சரியாகவே உள்ளன. 0.8 மோல் என்று எழுதியபோது, எதனுடைய மோல் என்று எழுதாமல் விட்டதுதான் பிழைக்கு வழிவிட்டது. 16 கிராம் என்பது ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்களின் நிறை. ஆகவே 16ஆல் வகுத்த அக்கணமே உங்கள் கைக்கு வந்தது 0.8 மோல் அணுக்கள், அதை 6.022 × 10²³ஆல் பெருக்கினால் 4.82 × 10²³ அணுக்கள் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. நீங்கள் அந்த 0.8ஐ மூலக்கூறுகளின் மோல் என்று எண்ணிக்கொண்டு மீண்டும் இரட்டித்ததால், ஒவ்வோர் அணுவும் இருமுறை எண்ணப்பட்டுவிட்டது. மூலக்கூறு வழியாகச் செல்ல விரும்பினால், 12.8ஐ 32ஆல் வகுத்து 0.4 மோல் மூலக்கூறுகள் என்று பெற்று, அதன்பின் 2ஆல் பெருக்க வேண்டும். இரு வழிகளும் ஒரே விடையில் வந்து சேரும். ஒரு வழியில் புறப்பட்டுப் பாதியில் மற்றொன்றுக்கு மாறுவதுதான் கூடாது.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை. எண்ணப்படும் பொருளின் பெயர் உடன் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. 18 கிராம் நீரை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் 1 மோல் நீர் மூலக்கூறுகள், 2 மோல் ஹைட்ரஜன் அணுக்கள், 1 மோல் ஆக்சிஜன் அணுக்கள், மொத்தம் 3 மோல் அணுக்கள், 10 மோல் எலக்ட்ரான்கள் என எல்லாம் ஒருங்கே உள்ளன. "இந்த நீரில் எத்தனை மோல்?" என்று மட்டும் கேட்டால் எதைச் சொல்வது? ஆகவே, கணக்கின் ஒவ்வொரு வரியிலும் "0.8 மோல் ஆக்சிஜன் அணுக்கள்" என்று முழுமையாக எழுதுங்கள். நேரம் வீணாவதாகத் தோன்றலாம். ஆனால் மோல் கணக்குகளில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லை எழுதாததால் நேர்பவையே.

கேள்வி: குளோரினின் அணு நிறை 35.5 என்கிறார்கள். புரோட்டானும் நியூட்ரானும் முழு எண்களாகத்தானே இருக்க முடியும்? அரை நியூட்ரான் எங்கிருந்து வந்தது?

பதில்: 35.5 அணு நிறை அலகு நிறையுள்ள குளோரின் அணு எங்கும் இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரின், 18 நியூட்ரான்கள் உள்ள குளோரின்-35, 20 நியூட்ரான்கள் உள்ள குளோரின்-37 ஆகிய இரண்டின் கலவை. ஒரே தனிமத்தில் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் இருக்கக்கூடும் என்ற கருத்தை 1913இல் ஃபிரெடெரிக் சாடி முன்வைத்தார். தனிம வரிசை அட்டவணையில் அவை ஒரே இடத்தில் அமர்வதால், "அதே இடம்" என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஐசோடோப்பு என்ற பெயரை அவருக்குப் பரிந்துரைத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். சில ஆண்டுகளில் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டத் தாம் அமைத்த நிறைமாலைக் கருவியில் குளோரினைச் செலுத்திப் பார்த்தபோது, 35க்கும் 37க்கும் உரிய இடங்களில் கோடுகள் பதிந்தன, 35.5க்கு உரிய இடத்தில் எதுவும் பதியவில்லை. உங்கள் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை இருக்க முடியாது.

சராசரியைக் காணும்போது, 35ஐயும் 37ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதிவிடுபவர்கள் பலர். இரண்டும் சம அளவில் இருந்தால்தான் அது பொருந்தும். குளோரின்-35 ஏறத்தாழ 75.77 விழுக்காடும், குளோரின்-37 ஏறத்தாழ 24.23 விழுக்காடும் உள்ளன. எனவே ஒவ்வொன்றின் நிறையையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 34.969 × 0.7577 = 26.496, 36.966 × 0.2423 = 8.957; கூட்டினால் 35.453. நிறை எண்களான 35ஐயும் 37ஐயும் அப்படியே இட்டால் 35.48 என்று வரும். நிறை எண் என்பது உட்கருவில் உள்ள துகள்களின் எண்ணிக்கை. ஐசோடோப்பின் நிறை என்பது அளந்து பெறப்பட்ட மதிப்பு. உட்கருத் துகள்கள் ஒன்றாகப் பிணையும்போது வெளியேறும் ஆற்றலுக்கு ஈடான நிறை குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவு தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால், கார்பன்-12ஐ அளவுகோலாகக் கொண்ட அலகில் மற்ற ஐசோடோப்புகளின் நிறை முழு எண்ணாக அமைவதில்லை.

கேள்வி: காப்பரின் சராசரி அணு நிறை 63.546; இரு ஐசோடோப்புகளின் நிறைகள் 62.930, 64.928. இவற்றின் விழுக்காட்டைக் காணச் சொல்கிறார்கள். தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்றுதானே?

பதில்: இரண்டாவது சமன்பாடு கேள்வியிலேயே மறைந்திருக்கிறது: இரு பங்குகளையும் கூட்டினால் 1. கனமான ஐசோடோப்பின் பங்கை "ப" என்று வைத்தால், மற்றதன் பங்கு 1 − ப. ஆனால் சமன்பாட்டை விரிப்பதற்கு முன் எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். சராசரி எப்போதும் இரு நிறைகளுக்கும் இடையில்தான் இருக்கும். எது மிகுதியோ அதன் பக்கம் சாய்ந்திருக்கும். 62.930இலிருந்து சராசரி விலகியுள்ள தூரம் 0.616; இரு நிறைகளுக்கும் இடையிலுள்ள முழுத் தூரம் 1.998. 0.616ஐ 1.998ஆல் வகுத்தால் 0.308. காப்பர்-65 சுமார் 30.8 விழுக்காடு, காப்பர்-63 சுமார் 69.2 விழுக்காடு. சமன்பாட்டை விரித்து எழுதினாலும் இறுதியில் இதே வகுத்தலுக்குத்தான் வருவீர்கள். விழுக்காடுகள் இடம் மாறி வந்திருந்தால், சராசரி 63க்கு அருகில் இருக்கிறதே என்ற ஒரு பார்வையே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: அணு எண் 18 உள்ள ஆர்கானின் அணு நிறை 39.95, அணு எண் 19 உள்ள பொட்டாசியத்துக்கு 39.10. அணு எண் கூடியும் நிறை குறைகிறதே, இது எப்படி?

பதில்: ஐசோடோப்புகளின் பங்குதான் காரணம். ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆர்கான்-40. பொட்டாசியத்தில் 93 விழுக்காடு பொட்டாசியம்-39. அட்டவணையில் இடத்தைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கையே.

கேள்வி: 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒரு மோல் என்று படித்தோம். அந்த வரையறை மாறிவிட்டதாமே?

பதில்: ஆம். 2019 மே 20 முதல், ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று நேரடியாக வரையறுக்கப்பட்டுள்ளது. முன்பு வரையறை கார்பனை வைத்து இருந்ததால், அந்த எண்ணை அளந்தறிய வேண்டியிருந்தது. இப்போது எண் நிலையானது, கார்பன்-12இன் மோலார் நிறைதான், அதாவது அதன் ஒரு மோல் அணுக்களின் நிறைதான், அளந்தறிய வேண்டியது. 12 கிராமிலிருந்து அது விலகக்கூடிய அளவு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவானது என்பதால், நீங்கள் போடும் எந்தக் கணக்கின் விடையும் மாறாது. அணு நிறை அலகின் வரையறை மாறவே இல்லை: ஒரு கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதே இன்றும் அதன் வரையறை.