ஒரே காட்டன், ஏன் இத்தனை விலை? உள்ளாடைத் துணி பற்றிக் கேள்வி பதில்

பின்னல் துணியின் தரம் பார்ப்பதுதான் என் வேலை. நூல், துணி, எலாஸ்டிக், தையல் எதைப் பற்றியும் கேளுங்கள். எந்த பிராண்டு வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இரண்டு ஜட்டியிலும் 100 சதவீதம் காட்டன் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலை. பேருக்குத்தானே காசு?

பேருக்கும் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு போகிறது, மறுக்கவில்லை. ஆனால் காட்டன் என்ற சொல் பஞ்சைத்தான் சொல்கிறது, நூலைச் சொல்வதில்லை. பஞ்சில் நீள இழையும் குட்டை இழையும் கலந்தே இருக்கும். கார்டட் நூலில் இரண்டையும் சேர்த்தே முறுக்கிவிடுவார்கள். கோம்டு நூல் என்றால் வாரி எடுத்து, குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்பது. இதில் பஞ்சின் எடையில் 12 முதல் 18 சதவீதம் வரை கழிவாகப் போய்விடும், அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு தோலில் உராய்வது பெரும்பாலும் அந்தக் குட்டை இழைகளின் நுனிதான், சில சலவைக்குப் பிறகு உருண்டு மணிமணியாகத் திரள்வதும் அதுவே. துணியை ஒரு மடிப்பு மடித்து, மடிப்பின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரிந்தால் நல்ல நூல், பூனைமுடி மாதிரி பிசிறு நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

கடையில் தொட்டபோது வழவழவென்று இருந்தது. கொஞ்ச நாளில் சொரசொரப்பாகிவிட்டது. துணியை மாற்றிவிட்டார்களா?

யாரும் மாற்றவில்லை, நீங்கள் தொட்டது துணியை அல்ல, அதன் மேல் பூசிய மென்மையூட்டியை. சிலிகோன் போட்டால் சுமார் துணிகூட வழுக்கும், துவைக்கத் துவைக்க அது போய்விடும். புதுத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் முத்து மாதிரி நின்றால் பூச்சு அதிகம் என்று அர்த்தம், அந்தத் துணி வியர்வையையும் அப்படித்தான் நிற்க வைக்கும். பயோவாஷ் என்று போட்டிருந்தால் அது வேறு சங்கதி. அதில் நொதியை விட்டு மேலே நிற்கும் பிசிறைத் தின்ன வைக்கிறார்கள், போன பிசிறு திரும்பி வராது.

ஜிஎஸ்எம் அதிகமாக இருந்தால் தரமும் அதிகமா?

இல்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், அவ்வளவுதான் அது. உள்ளாடைக்கு 140-லிருந்து 180 வரை சாதாரணமாகப் பார்க்கலாம். தடித்த நூலில் நெய்த மாதிரி கனமாகப் பின்னிவிட்டால் கையில் எடுக்கும்போது திருப்தியாக இருக்கும், வெயிலில் போட்டால் காயாது. கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண். 40 கவுண்ட் நூல் 30 கவுண்டைவிட மெல்லியது, விலையும் கூட, அதனால் லேசான துணி கனமான துணியைவிட விலை அதிகமாக இருப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மூங்கில் துணி கிருமியைக் கொல்லும் என்கிறார்களே?

மூங்கில் என்று விற்பதில் பெரும்பாலானவை விஸ்கோஸ். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து, கூழாக்கி, இழையாக இழுத்தது. அதற்குப் பிறகு மூங்கிலின் குணம் எங்கே இருக்கும்? அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-லேயே இப்படி விளம்பரம் செய்தவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. துணி மென்மையாக இருக்கும் என்பது மட்டும் உண்மை. மென்மைதான் வேண்டும் என்றால் பீச் மரக்கூழில் செய்யும் மோடல் என் தேர்வு, ஈரத்திலும் விஸ்கோஸைவிட உறுதியாக நிற்கும்.

தினமும் ஓடுகிறேன், நல்ல கோம்டு காட்டன்தான் போடுகிறேன், ஆனாலும் தொடையிடுக்கில் உரசிப் புண்ணாகிறது.

காட்டன் நல்லதாக இருப்பதால்தான் இந்தப் பிரச்சினை! சாதாரண ஈரப்பதத்திலேயே காட்டன் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு காட்டன் சுகம். ஓடுகிறவருக்கோ அது நனைந்து, கனத்து, தோலோடு ஒட்டி உரசும். ஓடும் நேரத்துக்கு மட்டும் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த நைலான் அல்லது பாலியஸ்டர் போடுங்கள், தொடைவரை நீளமுள்ளதாக, ஓடி முடித்ததும் மாற்றிவிடுங்கள். பெண்கள் எந்தத் துணி எடுத்தாலும் நடுவில் வைத்துத் தைக்கும் உள்துண்டு காட்டனா என்று திருப்பிப் பாருங்கள்.

துணி நன்றாகத்தான் இருக்கிறது, இடுப்பு எலாஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிடுகிறது.

பிளீச், வெந்நீர், டிரையர் மூன்றும் எலாஸ்டிக்குக்கு எமன். அதையெல்லாம் செய்யாமலே போகிறது என்றால் காசை அங்கேதான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வாங்கும்போது இடுப்புப் பட்டையை இரண்டு மடங்கு இழுத்து விடுங்கள், உடனே பழைய அளவுக்கு வர வேண்டும், இழுத்த இடத்தில் உள்ளே வெள்ளை இழை பல்லிளிக்கக் கூடாது. அப்புறம், அகலப் பட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடும், ஒல்லிப் பட்டை இடுப்பில் கோடு போடும்.

பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. என் உடம்பு வாகா?

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நூலில் முறுக்கு அதிகம், அந்த முறுக்கு அடங்கும்படி துணியைச் சரியாகச் செட் செய்யாமல் வெட்டியிருக்கிறார்கள். துவைத்ததும் சாய்ந்துவிடும், அயர்ன் பண்ணினாலும் நிற்காது.

பின்னால் இருக்கும் லேபிள் குத்துகிறது, வெட்டினால் இன்னும் குத்துகிறது.

கத்தரித்தால் மிச்சமிருக்கும் முனை விறைப்பாக நிற்கும், அதுதான் குத்துகிறது. லேபிளைப் பிடித்திருக்கும் தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து முழுசாக எடுங்கள், இடுப்புத் தையலே சேர்ந்து பிரிகிற மாதிரி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை லேபிளை அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.