பழைய டிராக்டரின் கிளட்ச் பெடலில் ஃப்ரீ பிளே எதற்காக விடப்படுகிறது?

கிளட்ச் பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால், தொடக்கத்தில் எதிர்ப்பே இல்லாமல் சிறிது தூரம் இறங்கி, பிறகு சட்டென்று கனக்கும். அந்த வெற்று அசைவே ஃப்ரீ பிளே. பெடல் மேலே இருக்கும்போது ரிலீஸ் பேரிங் (பெடலை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கத் தள்ளும் பேரிங்), பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் தகட்டின்) விரல்கள் எனப்படும் சிறு நெம்புகோல்களைத் தொடாமல் விலகி நிற்பதற்காகவே இது விடப்படுகிறது. இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் சுழன்று தேய்வதோடு, கிளட்ச் பாதி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருப்பதால், உழும்போது இன்ஜின் உறுமினாலும் வண்டி இழுக்காது. கருகிய வாடையும் வரும். அளவு மிஞ்சினாலோ, கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் மாற்றும்போது கரகரக்கும். சைக்கிள் பிரேக் கம்பியை அதிகமாக இறுக்கினால் கட்டை சக்கரத்தில் உரசுவதும், தளர்த்தினால் பிடிக்காமல் போவதும் போன்றதுதான் இது.

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலிலிருந்து கிளட்சுக்குச் செல்லும் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பெடல் முனையில் அளந்து பாருங்கள். பல பழைய மாடல்களில் ஃப்ரீ பிளே ஏறத்தாழ 25 மி.மீ. இருக்கும், அந்த வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். லாக் நட்டை மீண்டும் இறுக்க மறந்தால் அதிர்விலேயே அளவு மாறிவிடும்.

கிளட்ச் தட்டு தேயத் தேய ஃப்ரீ பிளே கூடும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் தட்டு மெலியும்போது விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்வதால் அது குறைந்துகொண்டே வரும்.