நெருஞ்சிலும் கிரேப் பேண்டேஜும்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில் இருக்கிறேன். வயது 23. திருநம்பி; பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அடிக்கடி கோவைக்கு இறங்கிப் போய்வரவும் வசதி இல்லை. ஊசி இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? நெருஞ்சில் பொடியும் அமுக்கராவும் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுக்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறேன், ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. குரல், மீசை, மாதவிடாய் மூன்றும்தான் பெரிய தொல்லை. ஜிம்மில் ஒருவர் சீட்டு இல்லாமலே ஊசி வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பின்குறிப்பு: மழை தொடங்கினால் எனக்குச் சளி, இருமல் லேசில் விடாது. அப்போது நெஞ்சைக் கட்டலாமா?

கே.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கிரேப் பேண்டேஜைக் கழற்றி வைத்துவிட்டு மேலே வாசியுங்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், இது இன்றைக்கே நிற்க வேண்டும். சுளுக்கிய கணுக்காலின் வீக்கத்தை அழுத்தி வைப்பதற்காகச் செய்த துணி அது. கணுக்கால் அசையாமல் இருக்கும். நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்குகிறது. மூச்சை வெளியே விடும்போது சுற்று இறுகுகிறது, அடுத்த மூச்சுக்கு வேண்டிய இடத்தைத் திருப்பித் தருவதில்லை. நடக்க நடக்க அடுக்குகள் நழுவி ஒரே இடத்தில் கயிறுபோலத் திரண்டு விலாவில் பதியும். விலா வலியும் தோல் புண்ணும் அதிலிருந்து வருகின்றன, சிலருக்கு விலா எலும்பே விரிசல் விடுகிறது. பேக்கிங் டேப் இன்னும் மோசம், உரிக்கும்போது தோலும் கூட வரும்.

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே கிடைக்கும். ஏற்றத்தில் உடம்பு ஆழமாக மூச்சிழுத்து அதைச் சரிக்கட்டும். நெஞ்சைக் கட்டிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. உங்களுக்கு மூச்சு வாங்குவது அதனால்தான்.

பைண்டர் என்றே தைத்து விற்கும் உள்ளாடை இருக்கிறது. அதன் முன்பக்கம் நீளாத துணி, பின்பக்கம் நீளும் துணி. அளவு நாடாவால் மார்பின் அகலமான இடத்தில் ஒரு சுற்று, மார்புக்கு நேர் கீழே ஒரு சுற்று, தோள் முனையிலிருந்து முனைக்கு ஓர் அளவு எடுங்கள். விற்பவரின் அட்டவணையில் இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்தால் பெரியதையே வாங்குங்கள். சைஸ் குறைத்தால் கூடுதலாகத் தட்டையாகும் என்பது தவறான எண்ணம். சதை மேலே பிதுங்கி இன்னும் தெளிவாகத் தெரியும், விலாவும் வலிக்கும். போட்டதும் மார்பைக் கீழாகவும் பக்கவாட்டிலும் தள்ளிவிடுங்கள். அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும், தூக்கத்தில் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடக் கூடாது. விரல் மரத்துப்போனாலோ, மூச்சு இழுக்கும்போது குத்தினாலோ, தலை சுற்றினாலோ உடனே கழற்றுங்கள். ஓடும்போதும் எடை தூக்கும்போதும் மூட்டை சுமக்கும்போதும் பைண்டர் வேண்டாம், சற்றுத் தளர்ந்த ஸ்போர்ட்ஸ் பிரா போதும்.

கையில் காசு இல்லாத மாதங்களில் ஸ்போர்ட்ஸ் பிரா, அதன்மேல் கெட்டி பனியன், மேலே பொத்தான் போடாத கட்டம் போட்ட சட்டை. மலையில் இருப்பவர்களுக்கு ஜெர்கின் ஒரு பெரிய வசதி. பாதி ஜிப் போட்ட கெட்டி ஜெர்கினுக்குள் பைண்டரே தேவைப்படாத நாட்கள் வருஷத்தில் பாதி இருக்கும். அந்த நாட்களில் நெஞ்சுக்கு ஓய்வு கொடுங்கள். உடம்போடு ஒட்டும் மெல்லிய ஸ்வெட்டரைத் தவிர்த்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் வரைந்து காட்டும்.

மழை மாதங்களில் துணி காயாது என்பது உங்களுக்குத் தெரியும். வேர்த்த பைண்டரை ஈரத்தோடு மறுநாளும் போட்டால் மார்புக்குக் கீழே படர்தாமரை வரும், பிறகு வாரக்கணக்கில் எதையுமே கட்ட முடியாது. அதனால் இரண்டு வேண்டும். வெறும் தண்ணீரில் கையால் அலசுங்கள். முறுக்காமல், துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். அடுப்புக்கு மேலேயோ ஹீட்டர் பக்கத்திலேயோ தொங்கவிடக் கூடாது. சூட்டில் எலாஸ்டிக் செத்துவிடும்.

இனி நெருஞ்சில். நாட்டு மருந்துக் கடையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, ஒரு கணக்குக்காக எழுதுகிறேன். சூலகம் உள்ள உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 15 முதல் 70 நானோகிராம் வரை இருக்கும். குரல் உடையவும் தாடி முளைக்கவும் பொதுவாக 300-க்கு மேல், பல மாதங்கள், விடாமல் இருக்க வேண்டும். உங்களுடையது 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலிகை அதை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால்கூட 48. அதில் ஒரு மீசை முடியும் கறுக்காது. நெருஞ்சிலை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலேயே டெஸ்டோஸ்டிரோன் ஏறக் காணோம். அமுக்கரா சில ஆண்களுக்குச் சிறிதளவு ஏற்றியிருக்கிறது, அதுவும் விரை செய்யும் வேலையை ஒட்டி. அதே அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது, தைராய்டு அளவையும் கலைக்கும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெந்தயம், பூனைக்காலி, ‘டெஸ்டோ பூஸ்டர்’ டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான். அந்தக் காசை முட்டைக்குச் செலவழியுங்கள்.

ஜிம்காரர் தரும் ஊசியைத் தொடாதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. குப்பிக்குள் இருப்பது டெஸ்டோஸ்டிரோனா, நாண்ட்ரோலோன் என்ற வேறு ஸ்டீராய்டா, வெறும் எண்ணெயா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரையாக வரும் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு கல்லீரலை நேராகத் தாக்கும். மலைக்காரர்களுக்குத் தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. உயரத்தில் வாழ்பவர்களுக்கு ரத்தச் சிவப்பணு இயல்பிலேயே சற்று மிகுதி, டெஸ்டோஸ்டிரோன் அதை மேலும் ஏற்றும். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் கட்டி உறையும் அபாயம் என்று மருத்துவர்கள் மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் போட்டுக்கொள்பவருக்கு அந்த எண் தெரியவே வராது. இன்னொன்று, உடைந்த குரல் திரும்பாது. வீட்டில் சொல்ல நீங்கள் தயாராகும் முன்பே குரல் சொல்லிவிடும். ஏற்கெனவே ஓரிரு ஊசி போட்டிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் சொல்லி ரத்தம், கல்லீரல், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசி இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி மாறுவது தோளும் முதுகும்தான். இடுப்பு எலும்பை மாற்ற முடியாது, தோளை அகலமாக்கினால் இடுப்பு ஒடுங்கித் தெரியும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து கிலோ. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் கேனை இடுப்பு வரை இழுங்கள், இது முதுகுக்கு. நின்றபடி கேனைத் தோளிலிருந்து தலைக்குமேல் தூக்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை இரு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு உயர்த்துங்கள்; தோளின் ஓரம் உருண்டு வருவது இதில்தான். தண்டால் தரையில் வராவிட்டால் படிக்கட்டில் கை ஊன்றித் தொடங்கலாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, நடுவே இரண்டு நிமிஷ ஓய்வு. கடைசி இரண்டு தடவை திணற வேண்டும். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு எளிதாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான், அதே ஐந்து கிலோவை ஆறு மாதம் தூக்கிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியில் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும்.

உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ என்றால் 88 கிராம். நான்கு முட்டையில் 24, ஐம்பது கிராம் மீல்மேக்கரில் 25, நூறு கிராம் உலர்ந்த அவரையில் 20-க்கு மேல், ஒரு கை வேர்க்கடலையில் ஏழெட்டு. மீதி சோற்றிலும் தயிரிலும் வந்துவிடும். சோயா தின்றால் பெண்மை கூடும் என்பது கட்டுக்கதை. பட்டினி மட்டும் வேண்டாம், தம்பி. மார்பு வற்றும், மாதவிடாய் நிற்கும் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கத்தான் செய்யும், ஆனால் கூடவே எலும்பும் கரையும். தோளில் சேர வேண்டிய சதையும் போய்விடும்.

குரல்நாணின் தடிமன் பயிற்சியில் மாறாது. அதைப் பயன்படுத்தும் விதம் மாறும். போனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, நீங்கள் இயல்பாகப் பேசும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 ஹெர்ட்ஸ் என்றால் முதல் இலக்கு மூன்று அரைச்சுரம் கீழே, அதாவது 168. அதற்குக் கீழே ஒரேயடியாக இழுத்தால் தொண்டை நெரியும், குரல் கரகரக்கும், கேட்பவருக்கும் செயற்கையாகப் படும். சுருதியைவிட அதிர்வு முக்கியம். நெஞ்செலும்பில் உள்ளங்கையை வைத்து ‘ம்ம்’ என்று முனகுங்கள், கை அதிர வேண்டும். கொட்டாவி தொடங்கும்போது குரல்வளை கீழே இறங்குமே, அந்த இடத்தில் நிறுத்தி ‘ஓ’, ‘ஆ’ சொல்லிப் பாருங்கள். பிறகு ‘ஆமா’, ‘சரி’, ‘எவ்வளவு?’, ‘ரெண்டு டீ’ போன்று தினமும் வாயில் வரும் சொற்கள். வாக்கியத்தின் முடிவில் ‘ங்க’வை நீட்டி மேலே தூக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தட்டையாகக் கீழே இறக்குங்கள். இந்த ஒன்றே போனில் ‘மேடம்’ விழுவதைக் கணிசமாகக் குறைக்கும். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம். விறகுப் புகைக்குப் பக்கத்திலோ விடிகாலைக் குளிர்காற்றிலோ பயிற்சி வேண்டாம். குரல் கம்மினால் இரண்டு நாள் நிறுத்துங்கள்.

மீசைக்கு விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் உதவாது. சவரம் செய்தால் அடர்த்தி கூடாது, வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் அப்படித் தோன்றும். தலைமுடிக்குத் தடவும் 5% மினாக்சிடில் மருந்து ஏற்கெனவே இருக்கும் பூனைமுடியைச் சிலருக்குத் தடிமனாக்கும், தோல் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். நான்கு மாதத்துக்கு முன் எதுவும் தெரியாது, நிறுத்தினால் வந்ததில் பெரும்பகுதி உதிரலாம். முகம் வறண்டு செதில் விடும். நெஞ்சு படபடத்தாலோ கால் வீங்கினாலோ நிறுத்த வேண்டும். வீட்டில் பூனை இருக்கிறதா? குளிருக்குப் போர்வைக்குள் வந்து முகத்தோடு உரசிப் படுக்கும் பூனைக்கு அந்த மருந்து மிகக் கொஞ்சம் பட்டாலும் உயிருக்கே ஆபத்து. பூனை உள்ள வீட்டில் இதை நினைக்கவே வேண்டாம். அதைவிடச் சுலபம் சலூன். கிருதாவைக் கூராக விடாமல் காது நடுவில் சதுரமாக நிறுத்தச் சொல்லுங்கள், பின்கழுத்தையும் நேர்கோடாக. மேலுதட்டுப் பூனைமுடிக்கு மஸ்காராவை லேசாகத் தொட்டால் பத்தடி தூரத்தில் மீசையாகத் தெரியும்.

மாதவிடாயை நிறுத்தும் மருந்துகளும் ஹார்மோன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவை ஆண்மை தராது, இருக்கும் பெண்மையையும் கூட்டாது. தினமும் போடும் நார்எதிஸ்டிரோன் மாத்திரை, காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும், ஆனால் ஹார்மோன் விடும் சாதனம், அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்று இலவசமாகப் போடும் மூன்று மாத ஊசி. மூன்றிலும் முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாகப் படும், அதைத் தோல்வி என்று விட்டுவிடாதீர்கள். அந்தராவை நீண்ட காலம் போட்டால் எலும்பு அடர்த்தி குறையும். ரத்தம் உறையும் நோயோ, கண்ணில் ஒளி சிதறும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹார்மோனே வேண்டாமென்றால் டிரானெக்ஸமிக் அமிலம் போக்கைக் குறைக்கும், நிறுத்தாது. அதையும் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஒன்று பலருக்குத் தெரியாது: மார்பு அறுவைசிகிச்சைக்கு முன்னால் டெஸ்டோஸ்டிரோன் எடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. திருநர் சிகிச்சைக்கென 2022-இல் வந்த உலகளாவிய மருத்துவ நெறிமுறையின் (WPATH) எட்டாம் பதிப்பு அப்படித்தான் சொல்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பால்மாற்றத்துக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. வீட்டில் தெரிந்து, ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லும் மருத்துவரிடம் உங்களைக் கூட்டிப்போனால், அது மருத்துவத் தொழில் ஒழுங்கீனம் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்திருப்பதைச் சொல்லுங்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2021-இலேயே அத்தகைய சிகிச்சைக்குத் தடை விதித்துவிட்டது. மனம் தாங்காத இரவுகளில் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இருமல் காலத்தில் பைண்டர் கூடாது. சளி வெளியேற நெஞ்சு முழுக்க விரிய வேண்டும், கட்டினால் சளி உள்ளேயே தங்கித் தொற்றாக மாறலாம். அந்த வாரங்களுக்குப் பனியன், கெட்டிச் சட்டை, ஜெர்கின் போதும். இருமல் நின்று இரண்டு நாள் கழித்து, முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்