இடிக்க வேண்டாம், சாவியைக் கேளுங்கள்

கேள்வி: என் பேரன் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பார்க்கப் போயிருந்தேன். உள்ளே பெரிய ஸ்டேடியம் ஒன்று பூட்டிக் கிடந்தது. வருஷத்துக்கு நாலு நாள் விளையாட்டு விழா, மற்ற நாளெல்லாம் பூட்டுதானாம். படிக்கிற இடத்துக்கு ஸ்டேடியம் எதற்கு? இடித்துவிட்டு அங்கே ஒரு நல்ல நூலகம் கட்டினால் என்ன?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை ஒரு பல்கலைக்கழகம் அப்படியே செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம். நம் வானியற்பியல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் சேர்ந்து, நோபல் பரிசு வாங்கிய பிறகும் விட்டுப் போகாத அதே இடம்.

அங்கே ஸ்டாக் ஃபீல்டு என்று ஒரு ஸ்டேடியம் இருந்தது. 1892 முதல் 1932 வரை பயிற்சியாளராக இருந்த ஆமோஸ் அலான்சோ ஸ்டாக்கின் பெயர் அது. அங்கே ஆடியது, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அந்த நாட்டுக் கல்லூரிக் கால்பந்தில் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் இந்த அணியின் ஆட்டக்காரர். அப்படிப்பட்ட அணியை 1939இல் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கலைத்தார். உங்கள் கருத்துதான் அவருடையதும்: இது படிக்கிற இடம்.

கேலரி காலியானது. மூன்று வருஷம் கழித்து, போர்க்காலத்தில், மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் ஆடுகளத்தில் இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மியும் அவருடைய குழுவும் கிராஃபைட் கட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 45,000 கட்டிகள், 360 டன். இடையிடையே யுரேனியம். அடுக்குவதற்குக் கைகொடுத்தவர்களில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கூலி வேலைக்கு வந்த அக்கம்பக்கத்துப் பையன்களும் உண்டு. 1942 டிசம்பர் 2ஆம் தேதி பிற்பகல், மனிதன் உண்டாக்கிய, தானாகவே தொடர்ந்து நடக்கும் முதல் அணுக்கருத் தொடர்வினை (ஓர் அணுக்கரு பிளந்து அடுத்ததைப் பிளப்பது) அங்கே நடந்தது. முதலில் கிடைத்த ஆற்றல் அரை வாட். கல்பாக்கம் உலைக்கும் கூடங்குளம் உலைக்கும் மூத்த அணு உலை, ஒரு பல்கலைக்கழக ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியில் பிறந்தது.

அறிவியலின் பெருமையாகத்தான் இதைச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அந்த உலையை ஊருக்கு வெளியே ஒரு காட்டில் கட்டுவதாகத்தான் இருந்தது. அங்கே கட்டட வேலை வேலைநிறுத்தத்தில் தடைப்பட்டதால் நகரத்துக்குள்ளேயே கட்டினார்கள். பொறுப்பில் இருந்த ஆர்தர் காம்ப்டன் பல்கலைக்கழகத் தலைவரிடம்கூட அனுமதி கேட்கவில்லை. சுற்றிலும் குடியிருந்த ஜனங்களுக்குத் தங்கள் தெருவில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. தினமும் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடி, பெரியவர்கள் கேலரியில் உட்கார்ந்திருந்த இடமாக இருந்தால், அங்கே அணு உலை கட்டலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? ஊர் புழங்காத இடத்தில் என்ன நடந்தாலும் ஊருக்குத் தெரிவதில்லை.

அப்புறம் நீங்கள் கேட்ட இடிப்பு. 1957இல் கேலரியை இடித்தார்கள். அந்த நிலத்தில் 1970இல் ரீகன்ஸ்டைன் நூலகம் திறந்தது. சரி, உங்கள் ஆசை நிறைவேறியது. ஆனால் நூலகம் திறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, 1969இல், கால்பந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாகத் திரும்பி வந்துவிட்டது. சில தெரு தள்ளிப் புது மைதானம் இருக்கிறது. அதற்கும் ஸ்டாக் ஃபீல்டு என்றே பெயர். உலகத்தின் தலைசிறந்த மூளைகள் கூடிய இடத்துக்கே நூலகம் மட்டும் போதவில்லை ஐயா. ஒன்றை இடித்துத்தான் இன்னொன்றைக் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டாமல் வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மெக்சிகோ நகரத்தைச் சொல்லலாம். அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியம் 1952இல் திறந்தது. 1968 ஒலிம்பிக்கின் தொடக்க விழா அங்கேதான். ஒலிம்பிக் கொப்பரையில் தீ ஏற்றிய முதல் பெண் என்ரிகெட்டா பசிலியோ ஓடிவந்ததும், பதக்க மேடையில் அமெரிக்க ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்பின மக்களுக்காகக் கை உயர்த்தி நின்றதும் அந்த மைதானத்தில்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பூமாஸ் அணி, நாம் ஆடும் கால்பந்தை இன்றைக்கும் அங்கே ஆடுகிறது. ஊர் ஜனம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறது.

நாம் ஒலிம்பிக் நடத்தப் போவதில்லை. நம் பக்கத்துக்கு வருவோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்தால், இருட்டில் சாலையோரம் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்ப்பீர்கள். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் அது மூன்றே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அளந்து போட்ட டிராக்கில் ஓடினால்தான் பிடிபடும். தார்ச் சாலையில் ஓடினால் முழங்கால் போகும். லாரி வந்தால் உயிரே போகும். இந்தப் பையன்களை நினைக்கும்போதுதான் பூட்டிக் கிடக்கும் ஸ்டேடியங்கள் மீது எனக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை நீங்கள் கட்டடத்தின் மேல் காட்டுகிறீர்கள், நான் பூட்டின் மேல் காட்டுகிறேன்.

திறந்துவிட்டால் பாழாகிவிடும் என்று நிர்வாகம் சொல்லும். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சிந்தெடிக் டிராக்கில், அதாவது ரப்பர் போன்ற செயற்கைத் தளத்தில், வண்டி ஏற்றினால் சீக்கிரம் கெடும். புல்தரையில் பந்தல்கால் ஊன்றினால், குழியை மூடினாலும் தரை பழையபடி சமமாக வர நாளாகும். அதற்கு வழி இருக்கிறது. நடப்பவர்கள் வெளி ஓரத்திலேயே நடக்கட்டும், உள் லேன்கள் ஓடுகிறவர்களுக்கு. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். அடையாள அட்டை, ஒரு வாட்ச்மேன், குடிதண்ணீர், பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறை. இவ்வளவும் செய்ய ஸ்டேடியம் கட்டிய செலவில் ஒரு துளி போதும்.

2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த கடலூர்க்காரருக்கு, மேட்டில் ஒரு திறந்த வெளியும் உறுதியான கூரையும் எதற்கு உதவும் என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அடுத்த முறை பேரனைப் பார்க்கப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஸ்டேடியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, மாணவர் அல்லாதவர் உள்ளே வர நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று பதிவாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பேரனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். ஒரு மாதத்தில் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதையும் போடுகிறேன்.