எண்ணை அழிக்காதவர்

அன்புள்ள ஐயா,
பழ ஈக்களை வைத்துப் பரிணாமத்தை ஆராய்ந்த மரபியலாளர் டோப்ஷான்ஸ்கியைப் பற்றி உங்கள் உரையில் கேட்டேன். பரிணாமம் கண்ணுக்குத் தெரியாமல் லட்சக்கணக்கான வருடங்களில் நடப்பது. ஆயுள் முழுக்க ஈயோடு மல்லுக்கட்டியது வீண் இல்லையா? அவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டாமே? பரிணாமம் படிக்க எங்கே தொடங்கலாம்?
— முதுகலை விலங்கியல் மாணவன்

அன்புள்ள தம்பி,

ஆமாம், அவர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அதை விடுங்கள். 'வீண்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. விலங்கியல் படிக்கிறவர் எழுதுகிற சொல்லா அது?

1900இல் உக்ரைனில் பிறந்து, பொறிவண்டுகளின் பின்னால் அலைந்து, 1927இல் நியூயார்க்கில் பழ ஈயை வைத்து மரபியல் ஆராய்ந்த மார்கனின் ஆய்வகத்துக்குப் போனவர் அவர். புட்டியில் வளரும் ஈ மட்டும் அவருக்குப் போதவில்லை. கலிபோர்னியாவின் சான் ஜசிண்டோ மலையில், புளித்த வாழைப்பழக் கூழை வைத்துக் காட்டு ஈக்களைப் பிடித்தார். ஈயின் புழுவில், உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள், தடித்துப் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால் பட்டைகளின் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாற்றத்தால் ஈக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றுதான் அவரும் முதலில் நினைத்தார்.

எந்தக் குரோமோசோம் வடிவம் எத்தனை ஈக்களில் இருக்கிறது என்று மாதாமாதம் எண்ணினார். மார்ச்சில் நிறைய இருந்த ஒரு வடிவம் ஜூனுக்குள் குறைந்தது, கோடையில் மறுபடி ஏறியது. இன்னொன்று நேர் எதிராகப் போனது. லட்சம் வருடமல்ல தம்பி, மூன்றே மாதம்! ஈக்குச் சில வாரத்துக்கு ஒரு தலைமுறை என்பதால் சூழலுக்குப் பொருந்தியவை பெருகி மற்றவை குறையும் இயற்கைத் தேர்வை அவரால் காலண்டரை வைத்தே பார்க்க முடிந்தது. 1943இல் அதை அச்சிட்டார், தன் பழைய எண்ணத்தைக் கைவிட்டார். அப்புறம் பெட்டிகளில் ஈக்களை வளர்த்தும் பார்த்தார். 25 டிகிரியில் வடிவங்களின் விகிதம் மாறியது, 16.5 டிகிரியில் அசையவில்லை.

கல்லூரியில் நானும் ஈ எண்ணியிருக்கிறேன். ஈதரில் மயங்கிய ஈக்களைத் தூரிகையால் ஒதுக்கி, நீளச் சிறகு இத்தனை, குட்டைச் சிறகு இத்தனை என்று குறித்தேன். பாடத்தின்படி நீளம் மூன்றுக்குக் குட்டை ஒன்று வர வேண்டும், வரவில்லை. வந்த எண்ணை அழித்துவிட்டு, வரவேண்டிய எண்ணை ரெக்கார்ட் நோட்டில் எழுதினேன். கையெழுத்தும் கிடைத்தது. முப்பது வருடமாக அது உறுத்துகிறது. அந்தப் புட்டியில் குட்டைச் சிறகோடு வளர வேண்டிய புழுக்கள் முன்னமே செத்திருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

1968இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும், 1975இல் இறக்கும்வரை டோப்ஷான்ஸ்கி வேலையை விடவில்லை.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டீர்களே, உங்கள் நோட்டில் பொருந்தாத எண் ஏதாவது இருக்கிறதா? அழித்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.