மீட்டரே ஏறல, ஆயில் மட்டும் எப்படி கெடும்?

கேள்வி: 2017 மாடல் பெட்ரோல் வேகன் ஆர் வச்சிருக்கேன் சார். வீடு தண்டையார்பேட்டை. காலைல பசங்கள ராயபுரத்துல ஸ்கூல்ல விடுறது, சாயந்திரம் கூட்டிட்டு வர்றது, எப்பவாவது திருவொற்றியூர் கோயிலு, அவ்ளோதான் ஓட்டம். போன சர்வீஸ் முடிஞ்சு 11 மாசத்துல 2,900 கி.மீ. தான் ஏறிருக்கு. புக்ல 10,000 கி.மீ. இல்லன்னா 1 வருஷம்னு போட்டிருக்கு. தெரு மெக்கானிக் அண்ணன் 5,000க்கு ஒருதடவ மாத்தணும்ன்றாரு. மச்சான், ஓடாத வண்டிக்கு எதுக்குடா ஆயிலு, இன்னும் 2 வருஷம் தாங்கும்ன்றான். யார் பேச்ச கேக்குறது?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மச்சான் பேச்ச மட்டும் கேக்காதீங்க. உங்களது ஓடாத வண்டி இல்ல, சூடே ஆகாத வண்டி. ஆயிலுக்கு அதுதான் பெரிய பேஜாரு.

1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணி உண்டாகுது. முக்காவாசி சைலன்சர் வழியா ஆவியாப் போயிடும், கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ ஆயில் தேங்குற சம்புக்கு எறங்கும், கூடவே எஞ்சின் சில்லுன்னு இருக்கும்போது எரியாம நிக்கிற பெட்ரோலும் கொஞ்சம் வழிஞ்சு வந்து ஆயில நீர்த்துப் போக வைக்கும். தூரமா ஓட்டுனா ஆயில் 90, 100 டிகிரி வரைக்கும் சூடாகி இதெல்லாம் ஆவியா வெளிய போயிடும். 3 கி.மீ.ல ஸ்கூல் வாசல் வந்துடுதே, எங்க சூடாகும்? டேஷ்போர்டுல முள்ளு நடுவுல வந்துடுச்சேன்னு நெனைக்காதீங்க, அது ரேடியேட்டர் தண்ணியோட சூடு, ஆயில் அதுக்கப்புறம் நிதானமாத்தான் வரும். மெட்ராஸ் வெயிலெல்லாம் இதுக்குப் பத்தாது.

நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானட்டத் தூக்கி, ஆயில் ஊத்துற மூடியத் திருகி அடிப்பக்கத்தப் பாருங்க. வண்ணாரப்பேட்டைல எங்க மாமனார் வண்டில நான் பாத்தப்போ மோர்க்குழம்பு கலர்ல ஒரு படலம், விரல வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. கூலன்ட் ஆயிலோட கலக்காம தடுக்குற ஹெட் கேஸ்கட் போச்சுடான்னு பதறி கூலன்ட் டப்பாவப் பாத்தா லெவல் சொட்டுகூட எறங்கல. மனுஷன் தெனம் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டிருக்காரு, வேற ஒண்ணுமில்ல. (கூலன்டும் கொறைஞ்சுகிட்டே வந்தா அது கேஸ்கட் கேஸ், உடனே காட்டுங்க.)

மெக்கானிக் அண்ணன் சொல்ற 5,000 அம்பாசடர், பத்மினி காலத்துக் கணக்கு, அப்ப கார்புரேட்டரு, மினரல் ஆயிலு. இன்னிக்கு சிந்தெட்டிக் அதவிட ரொம்ப தாங்கும். ஆனா அவர தப்புன்னும் சொல்ல மாட்டேன். டிராபிக்ல மணிக்கு 15 கி.மீ. சராசரியா ஊர்ந்து 10,000 ஓட்டுனா எஞ்சின் 660 மணி நேரத்துக்கு மேல சுத்திருக்கும், அதே 10,000 ஹைவேல 50ல போனா 200 மணி நேரம். மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதான் நெறைய புக்ல கடுமையான உபயோகம்னு தனியா ஒரு டேபிள் இருக்கும், கிட்டக்க ஓட்டுறது, தூசி, நின்னு நின்னு போறது எல்லாம் அதுலதான் வரும், அங்க கணக்கு பெரும்பாலும் பாதியாக் கொறையும்.

அதனால நீங்க கிலோமீட்டர விட்டுடுங்க, காலண்டரப் பாருங்க. இப்பவே மாத்திட்டு, இனிமே 6 மாசத்துக்கு ஒருதடவ. அது கட்டுப்படி ஆகலன்னா ஞாயித்துக்கிழம குடும்பத்தோட மாதவரம், செங்குன்றம் தாண்டி காரனோடை வரைக்கும் ஒரே ஓட்டமா போயிட்டு வாங்க, அப்படி வாராவாரம் ஓட்டுனா 1 வருஷம் தாராளமா விடலாம். புக்ல போட்ட கிரேடு என்னவோ அதையே ஊத்துங்க, கெட்டியா இருந்தா எஞ்சினுக்கு நல்லதுன்னு எவனாவது 20டபிள்யூ-50 நீட்டுனா வேணாம்னுடுங்க. ஃபில்டரையும் சேத்து மாத்தணும், பழச கையில வாங்கிப் பாத்துட்டு காசு குடுங்க. ஒரு கடைல பில்லுல ஃபில்டர் இருந்துச்சு, வண்டில பழசே இருந்துச்சு, ஆறு மாசம் கழிச்சுதான் எனக்கே தெரிஞ்சது.

கேள்வி: எண்ணூர்லருந்து டீசல் டாக்ஸி ஓட்டுறேன். ஆயில் மாத்தி ஒரு வாரத்துலயே கன்னங்கரேல்னு ஆயிடுது. டூப்ளிகேட் ஆயிலா?
- வாசகர், எண்ணூர்

பதில்: டீசல்ல கருக்கத்தான் செய்யும் தலைவா. எரியுறப்போ வர்ற கரிய ஒட்டவிடாம தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கிறதுதான் ஆயிலோட வேலையே, கருப்பாச்சுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்க பாக்க வேண்டியது லெவல். பிஎஸ்6 வண்டில டிபிஎஃப்னு ஒரு கரி ஃபில்டர் இருக்கும், அது தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்றப்போ டீசல் ஆயில்ல கலக்கும். கன்டெய்னர் லாரி பின்னாடி மணிக்கணக்கா நிக்கிற ரோட்டுல அந்த எரிப்பு பாதியிலேயே நின்னு நின்னு போகும். வாரம் ஒருதடவ சமதளத்துல நிறுத்தி, எஞ்சின் ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் லெவல் பாக்குற கம்பிய, இழுங்க. மேல் கோட்ட தாண்டி ஏறிருந்தா கிலோமீட்டர் பாக்காம மாத்திடுங்க.

கேள்வி: போன மழைக்கு கணேசபுரம் சுரங்கப்பாதைல கார் நின்னுடுச்சு. மறுபடி மாட்டுனா ஆயில் மாத்தணுமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: மொதல்ல சாவியத் திருப்பாதீங்க, உள்ள தண்ணி இருந்தா பிஸ்டனத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். டோ பண்ணிட்டுப் போய் டிப்ஸ்டிக்கப் பாக்கச் சொல்லுங்க, டீக்கலர்ல பால் கலந்தாப்ல இருந்தா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்தணும். அப்புறம் கொஞ்சம் ஓட்டிட்டு திரும்ப ஒருவாட்டி.