டீசல் எஞ்சின் மாடல்: சத்தம், விளக்கு, பெயிண்ட் – கேள்வி பதில்

கோட்டையூர்: அண்ணே, எச்ஓ அளவில் (1:87) டபிள்யூடிஎம்-2 என்ற அகலப்பாதை டீசல் எஞ்சினின் ரெசின் பாடி ஒன்று கைக்கு வந்திருக்கு. என்ன கலர் அடிக்கலாம்?

எந்த ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கும் பணிமனை), எந்த நம்பர், எந்த வருஷம்? இந்த மூணும் தெரியாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீங்க. அந்த எஞ்சினுக்கு நாடு முழுக்க ஒரே நிறம் இருந்ததில்லை. பொன்மலை, ஈரோடு, எர்ணாகுளம் என்று ஒவ்வொரு ஷெட்டும் தன் விருப்பப்படி பூசியது. ஷெட் மாறினால் நிறம் மாறும். பெரிய ஓவராலுக்குப் போய்த் திரும்பினாலும் மாறலாம்.

நிறம் மட்டுமில்லை. ஜம்போ வகையென்றால் முன்மூக்கு கேபின் அகலத்துக்கு இருக்கும், ஜன்னலும் பெரிசு. வேக்குவம் பிரேக் மட்டும் இருந்த காலத்து வண்டிக்கும், ஏர் பிரேக் சேர்த்தபின் அதே வண்டிக்கும் பஃபர் பீமில் (பஃபர் பொருத்திய குறுக்குச் சட்டம்) தொங்கும் குழாய்கள் வேறு. ஒரே நம்பரின் புகைப்படத்தை இரண்டு பக்கமும் தேடி எடுங்க. குழாய், கம்பி, விளக்கு எல்லாம் அதைப் பார்த்து முடிவாகட்டும். நிறம் கடைசியில்.

கானாடுகாத்தான்: மஞ்சள் பட்டைக்கு டேப் ஒட்டி அடித்தால் ஓரம் கசிந்துவிடுகிறது. மேற்பரப்பும் மணல் மாதிரி சொரசொரப்பு.

இரண்டும் வேறு வேறு வியாதி.

முதலில் கசிவு. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. சாம்பல் ப்ரைமர், அதன்மேல் மஞ்சள். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்க. பட்டை இருக்கவேண்டிய இடத்தில் மாடலுக்கென்று விற்கும் மெல்லிய மாஸ்கிங் டேப். ஹார்டுவேர் கடை டேப் சுவருக்குத்தான் சரி. கதவுக் கீல், ரிவெட் மேல் அது படியாது. டேப்பின் ஓரத்தைப் பல்குச்சி முனையால் அழுத்திவிட்டு, மறுபடி அதே மஞ்சளை ஓரத்தில் லேசாக ஒரு வீச்சு அடிங்க. கசிவதெல்லாம் மஞ்சளாகவே கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் அடர் நிறம் மெல்லிசாக மூன்று வீச்சு. முழுசாக இறுகும் முன்பே, டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக இழுங்க.

சொரசொரப்புக்குக் காரணம் வெயில். நம் பக்கம் சித்திரை வைகாசியில் மதியம் ஏர்பிரஷ் பிடித்தால், துளி பாடியைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் அடிங்க. 0.3 மிமீ நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரம். அக்ரிலிக்கில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளி. ஐப்பசி கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு: லாக்கர் வகை பெயிண்ட் ஈரத்தை வாங்கி வெள்ளை பூத்துவிடும். அந்த மாதங்களில் வயரிங் பாருங்க.

எழுத்து, நம்பருக்கான டெக்கால் (ஒட்டும் அச்சுப் படம்) பளபளப்பு வார்னிஷ் மேல்தான் ஒட்டவேண்டும். மேட் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுங்கும். ஒட்டி முடித்தபின் எல்லாவற்றுக்கும் மேல் பாதி பளபளப்பான சாட்டின் வார்னிஷ்.

தேவகோட்டை: டபிள்யூடிஎம்-2 கலர் கோட் சொல்லுங்க.

ஷெட், நம்பர், வருஷம். மேலே முதல் பதில்.

பள்ளத்தூர்: சவுண்ட் டிகோடரில் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டார், விளக்கு, சத்தத்தை இயக்கும் சின்ன சர்க்யூட்) இந்திய எஞ்சின் சத்தமே இல்லையே, என்ன செய்ய?

இருக்கு, அமெரிக்கப் பேரில் இருக்கு. டபிள்யூடிஎம்-2-ல் இருப்பது ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் 251பி, பதினாறு சிலிண்டர், 2600 குதிரைசக்தி. சி-424 என்ற ஆல்கோ வண்டிக்கும் பதினாறு சிலிண்டர் 251பி தான். அந்த ஒலிக்கோப்பை ஏற்றி, ஹாரனை மட்டும் மாற்றுங்க. மீட்டர்கேஜ் ஒய்டிஎம்-4-ல் ஆறு சிலிண்டர் நேர்வரிசை 251. அதற்கு ஆல்கோ டி-6 நெருங்கி வரும். டபிள்யூடிஜி-4 சரக்கு எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஆல்கோ பக்கமே போகாதீங்க. அது இஎம்டி என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் 710, டூ ஸ்ட்ரோக். அதே கம்பெனியின் எஸ்டி70மேக் ஒலி பொருந்தும்.

ஸ்பீக்கருக்கு 11க்கு 15 மிமீ சின்ன வகையே போதும், ஆனால் பின்பக்கம் காற்றுப் புகாத கூடு கட்டாயம். கூடு இல்லாவிட்டால் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்து, கொசு மாதிரி கீச்சென்று கேட்கும்.

புதுவயல்: பழைய டிசி எஞ்சினில் (டிகோடர் இல்லாமல் பாதை மின்சாரத்தில் நேராக ஓடுவது) டிகோடர் மாட்டினேன். பாதையில் வைத்ததும் புகை.

மோட்டாரின் ஒரு கார்பன் பிரஷ் சேசிஸைத் (உலோக அடிச்சட்டம்) தொட்டுக்கொண்டிருந்திருக்கும். பழைய வண்டிகளில் சேசிஸ் வழியாகவே மோட்டாருக்கு மின்சாரம் போகும். டிகோடர் மாட்டும் முன் மல்டிமீட்டரில் மோட்டார் முனை இரண்டுக்கும் சக்கரம், சேசிஸ் எதனோடும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்யணும். டிகோடர் வயரில் சிவப்பும் கறுப்பும் பாதைக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. 12 வோல்ட்டில் ஃப்ளைவீலைக் கையால் பிடித்து நிறுத்தி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பாருங்க. டிகோடர் தாங்கும் அளவைத் தாண்டினால் முதலில் மோட்டாரை மாற்றணும்.

காரைக்குடி: ஐயா, எச்ஓ பாதை 16.5 மிமீ. நம்ம அகலப்பாதை 1676 மிமீ. 87-ஆல் வகுத்தால் 19.3 வரணுமே. எல்லாரும் தப்பான பாதையில் ஓட்டிக்கொண்டு கலரில் மட்டும் துல்லியம் பேசுவதா?

கணக்கு சரி. கிட்டத்தட்ட 3 மிமீ குறைகிறது. நேர் முன்னாலிருந்து பார்த்தால் அகல உடம்புக்குக் கீழே போகி (சக்கரங்கள் பொருத்திய சட்டம்) ஒடுங்கித் தெரியும். பக்கத்திலிருந்து தெரியாது. துல்லியப் பாதை வேண்டுமானால் சக்கரம், அச்சு, பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) எல்லாம் கையால் செய்யணும்.

காரைக்குடி (மறுபடி): அப்படியானால் உடம்பை 1:101-க்குச் சுருக்கிவிடலாமே? பாதையும் சரி, 3டி பிரிண்டரும் கையில் இருக்கு.

சுருக்கலாம். 17,120 மிமீ டபிள்யூடிஎம்-2, 87-ல் 197 மிமீ; 101-ல் 169 வரும். ஆனால் கடையில் கிடைக்கும் ஆறு அச்சு சேசிஸ், பெட்டி, ஆள் பொம்மை எல்லாம் 87-க்கு. ஒரு எஞ்சினுக்காக ஊரையே மறுபடி செய்யணும்.

கல்லல்: குறுக்கே வருகிறேன். மீட்டர்கேஜ் செய்தால் இந்த வழக்கே இல்லை. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, பாதை 12.

இதுதான் இந்த வழக்கில் நல்ல தீர்ப்பு. அரை மிமீ யார் கண்ணுக்கும் படாது. கடையில் டிடி என்ற சின்ன அளவின் பாதையும் 12 மிமீதான், ஆனால் அதன் கட்டைகள் 1:120-க்கு உள்ளவை. எச்ஓஎம் (எச்ஓ அளவு மீட்டர்கேஜ்) பாதையாகக் கேட்டு வாங்குங்க. திருச்சி–மானாமதுரை அகலமானபிறகும் திருவாரூர் கிளை சில காலம் மீட்டர்கேஜாகவே ஓடியது. அந்தக் காலத்துக் காரைக்குடி ஜங்ஷனைச் செய்தால் இரண்டு கேஜும் ஒரே பலகையில் நியாயமாக நிற்கும்.

காரைக்குடி (மறுபடி): 19.3-ஐ நான் விடுவதாக இல்லை.

செய்யுங்க. முதல் பாயிண்ட் ஓடியதும் அளவுகளோடு எழுதுங்க, நானே வாசிக்கிறேன்.

ராயவரம்: முன்விளக்கு கண்ணைக் கூசுகிறது. மஞ்சள் ஃப்ளாஷரும் எப்போதும் மின்னும்படி வைத்திருக்கிறேன்.

எல்இடிக்கு 1 கிலோ ஓம் போட்டிருப்பீங்க, 4.7 கிலோ போடுங்க. பழைய வண்டிக்கு வார்ம் வொயிட்தான். டிகோடர் வயரில் நீலம் பொது பாசிட்டிவ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. அந்த ஃப்ளாஷர் ஆபத்து அறிவிப்பு. எதிர்வரும் வண்டியை நிறுத்துவதற்கு. உங்கள் வண்டி நாள் முழுக்க விபத்தில் நிற்கிறது. தனி பட்டனில் வைங்க.

செட்டிநாடு: ஏழு வயசுப் பேரனுக்கு சவுண்ட் வைத்த டீசல் வாங்கலாமா?

வேண்டாம் ஆச்சி. சாதாரண டிசி செட் வாங்குங்க. தரையில் விரிக்காமல் ஒரு பலகையில் பாதையை அடித்துக் கொடுங்க. வளவில் கிடக்கும் நூலும் முடியும் பல்சக்கரத்தில் சுற்றினால் ஒரு மாசத்தில் மோட்டார் போய்விடும்.

அரியக்குடி: நாலுக்கு எட்டு அடிப் பலகையில் ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலை) பயணிகள் பெட்டி ஓடுமா?

87-ல் பெட்டி 256 மிமீ. அந்தப் பலகையில் வளைவு ஆரம் 560 மிமீயைத் தாண்டாது. ஓடும், ஆனால் பஃபர் மோதும், பெட்டி வளைவுக்கு வெளியே பிதுங்கும். நீளத்தில் மூன்று மடங்கு ஆரம் இருந்தால்தான் பார்க்க லட்சணம்.

நாச்சியாபுரம்: அண்ணே, டபிள்யூடிஎம்-2 என்ன கலர்?

ஷெட். நம்பர். வருஷம்.